நேசப்படையின் வலது சிறகு

மேகம் இன்னும் நகரவில்லை. நல்லது, அது பாட்டுக்கு இருக்கட்டும். சூரியன் வெளியே வந்தால் ஆக்‌ஷன் என்பார்கள், ஆக்‌ஷன் என்றால் கேடயத்தைத் தூக்க வேண்டும், கேடயம் ஃபைபர்தான், ஆனால் முக்கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றால் ஃபைபரும் கருங்கல்லும் ஒன்றுதான். நாற்பத்தொன்பது வயதில் நான் ரோமாபுரிக்காகப் போருக்கு வந்திருக்கிறேன். கோவில்பட்டிக்குப் பக்கத்தில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள், அறுநூறு ஆட்களோடு, முழங்காலுக்கு மேலே நிற்கிற ஒரு பாவாடையும் ரெக்ஸின் மார்க்கவசமுமாக. வீட்டில் இந்தக் கோலத்தைப் பார்த்தால் என் மனைவி சுகந்தி மூன்று நாளைக்குச் சிரிப்பாள். கூட்டத்துக்குள் எங்கள் ஆள் ஒருவன் வேஷம் போட்டு நின்றால்தான் கூட்டம் கட்டுக்குள் இருக்கும், அது எங்கள் தொழிலில் பழைய வழக்கம். கல்யாண வீட்டில் பட்டு வேட்டியோடு நின்றிருக்கிறேன், எழவு வீட்டில் துண்டைப் பொத்தி அழுதிருக்கிறேன், போராட்டக் காட்சியில் நிஜமாகவே அடி வாங்கியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடம். உதவி இயக்குநர், துணை இயக்குநர், இணை இயக்குநர் என்று பெயர்தான் மாறியது, கூட்டத்துக்குள் நிற்பது மாறவில்லை. காதில் ஒரு குமிழ், போர்வைக்குள்ளே வாக்கிடாக்கி. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி உடை லாரியில் கொடுத்துவிட்டேன், ரோமானியன் கண்ணாடி போட மாட்டானே. கண்ணாடி இல்லாமல் இருபது அடிக்கு அந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கஞ்சித்தண்ணீர். அங்கே கேமரா இருக்கிறது, கூடாரம் இருக்கிறது, மானிட்டர் இருக்கிறது, மானிட்டருக்கு முன்னால் தயாரிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். எதுவும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பதே ஒரு விதத்தில் நிம்மதியாக இருக்கிறது.

இன்றைக்கு என்னவோ எல்லோர் மேலும் நன்றியாக வருகிறது. நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஆறிப்போன காபி கொடுத்ததற்கு புரொடக்‌ஷன் பையனைக் காலையில்தான் காய்ச்சி எடுத்தேன். ஆனாலும் வருகிறது. திருவல்லிக்கேணி நடைபாதையில் அந்தத் தடிப் புத்தகத்தை எனக்குத் தள்ளிவிட்ட கடைக்காரருக்கு நன்றி, எடுத்துட்டுப் போ சார், மழையில நனைஞ்சா குப்பைக்குத்தான் போவும் என்றார். பழைய ரோமின் போர்முறை. அட்டை கிடையாது, முதல் முப்பது பக்கம் கிடையாது. எனக்கு வேண்டியது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துப் படம். நடுவில் ரோமானியர்களின் இரண்டு படைப்பிரிவுகள். அவற்றுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் நேசப்படை, ரோமுக்குக் கட்டுப்பட்ட இத்தாலிய ஊர்கள் அனுப்பிவைத்த ஆட்கள். அந்த இரண்டு பக்கத்துக்கும் அவர்கள் பாஷையிலேயே சிறகு என்று பெயராம். குதிரைகளில் ரோமானியக் குதிரைகள் கொஞ்சம், அவை வலது பக்கம். நேச ஊர்களின் குதிரைகள் அதைப்போல மூன்று மடங்கு, அவை இடது பக்கம். புத்தகம் நடுப்படையைப் பற்றி இருபது பக்கம் எழுதுகிறது, சிறகுகளைப் பற்றி ஒன்றரைப் பக்கம். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் நாற்பது தடவையாவது படித்திருப்பேன். எந்தெந்த ஊரிலிருந்தோ வந்தவர்கள், ஊர் ஊராக ஒன்றாக நிற்பார்கள், பக்கத்தில் நிற்பவன் பங்காளியாகவோ மச்சானாகவோ இருப்பான், நடுவில் நிற்பவனுக்கு இடுப்பில் குத்து விழாமல் பார்த்துக்கொள்வார்கள். ஜெயித்தால் ரோம் ஜெயித்தது. நேசப்படை என்று தமிழில் யார் வைத்தார்களோ, அவர்களுக்கும் ஒரு கும்பிடு.

மீசைக்கும் நன்றி சொல்ல வேண்டும். கதைப்படி தமிழ்நாட்டு வணிகன் மகன் ஒருவன் கப்பலேறி ரோமுக்குப் போய் இந்தச் சண்டையில் மாட்டிக்கொள்கிறான், அதற்குத்தான் இத்தனை ஆட்கள். சென்னையிலிருந்து இருநூறு துணை நடிகர்கள் பஸ்ஸில் வந்தார்கள், சொன்னதும் மழமழவென்று சிரைத்துக்கொண்டு நின்றார்கள், தொழில்காரர்கள். மீதி நானூறு பேர் இந்தச் சுற்றுவட்டாரத்து ஊர்க்காரர்கள். தீப்பெட்டி ஆபீஸில் லோடு ஏற்றுகிறவர்கள், பருத்திக்காரர்கள், ஆட்டுக்காரர்கள். மீசையை எடுக்கணும் என்று மைக்கில் சொன்னதும் நானூறு பேரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். இயக்குநர் இளஞ்சேரன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். ரோமானியனுக்கு ஏதுண்ணா மீசை, உலகமே சிரிக்கும் என்கிறான். அப்போதுதான் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் எனக்குள் பளிச்சென்றது. மீசை இல்லாதவன் நடுவில், மீசை வைத்தவன் சிறகில். நேச ஊர்க்காரன் மீசை வைத்திருந்தால் எவன் வந்து கேட்பான்? இளஞ்சேரன் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டான். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், என்னிடம் வேலை வாங்குகிறோமே என்று ஒவ்வொரு நாளும் கூச்சப்படுகிறவன். அண்ணா, படை நிறுத்துற வேலை மொத்தமும் உங்களுது, நான் கேமராவுக்குப் பின்னால நின்னு பார்க்கிறேன், அவ்வளவுதான் என்றான். அதோடு விட்டானா, தயாரிப்பாளரிடம் போய், அடுத்த படத்தை டைரக்ட் பண்ணத் தணிகைவேல் அண்ணனுக்குக் கொடுங்க, இந்த ஒரு ஷாட்டை வந்து பாருங்க, அப்புறம் முடிவு பண்ணுங்க என்று சொல்லிவிட்டான். இருபத்திரண்டு வருடத்தில் எனக்காக இன்னொருவரிடம் போய்ப் பேசிய முதல் ஆள் அவன். பார்க்கத்தான் அவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். இந்த ஒரு ஷாட். மூன்று நிமிடம் நாற்பது வினாடி.

தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. இடதுபக்கத்தில் நிற்கிற குருவையா இதைக் கவனித்துவிட்டார், தன் கேடயத்தின் ஓரத்தை மெதுவாக என் கேடயத்துக்கு அடியில் கொடுத்துப் பாதிக் கனத்தை வாங்கிக்கொண்டார். முகத்தைத் திருப்பாமலேதான். ஐம்பது வயதிருக்கும், தீப்பெட்டி லாரியில் லோடு ஏற்றி இறக்கிப் பழகிய தோள். நல்லா சாச்சுக்கிடுங்க சார், நமக்கு இதெல்லாம் ஒரு கனமா என்கிறார் வாய்க்குள்ளேயே. வாய் அசைவதுகூடத் தெரியக்கூடாது என்று நான்தான் சொல்லியிருந்தேன். அதோடு, திரும்பக்கூடாது. இதை மூன்று நாளாகக் கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போனது. செத்தாலும் திரும்பக்கூடாது, பின்னால் என்ன சத்தம் கேட்டாலும் சரி, ஒரு தலை திரும்பினாலும் ஷாட் போச்சு, படை என்றால் முன்னால்தான் பார்க்கும். முரசு மூன்று தடவை விழும். மூன்றாவது அடிக்கு இடது சிறகு இரண்டாகப் பிளந்து வழி விடும், அந்தச் சந்துக்குள் முப்பது குதிரைகள் புகுந்து பாய்ந்து வரும். குதிரைகளைப் புத்தகத்தில் போட்டபடி ஓரத்தில் நிறுத்தினால் ஃபிரேமுக்குள் வராது, அதனால் நான் சிறகுக்குப் பின்னால் நிறுத்தினேன், புகை போட்டு மறைத்து. வலது சிறகு, அதாவது நாங்கள், அதே மூன்றாவது அடிக்குக் கேடயத்தோடு கேடயம் சேர்த்து ஒரு காலில் மண்டி போடுவோம். எங்களுக்குப் பின்னால் பத்துக் குதிரைகள்தான், அவை எங்களைச் சுற்றிக்கொண்டு வெளிப்பக்கமாகப் போய்விடும். ஆட்கள் இரண்டு நாள் ஒத்திகை பார்த்துவிட்டார்கள். குதிரைகள் இன்றைக்கு மத்தியானம்தான் லாரியில் வந்தன, வழியில் டயர் வெடித்து. நாங்கள் ஏற்கெனவே முன்னால் பார்த்து நின்றாகிவிட்டது, பின்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குதிரை பொசிஷன் ரெடி என்று காதில் வந்தது. நல்ல வாசனை இந்தக் குதிரைச் சாணி வாசனை, கசப்பாக, புல் வாசனையோடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

பத்துக் குதிரைக்கு இவ்வளவு வாசனையா? இருக்கும். காற்று எப்படியும் அடிக்கும். காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது, காலையில் கண்ணாடியோடு பார்த்தபோது காற்றாலைகள் எல்லாம் அந்தப் பக்கம் பார்த்துத்தான் சுற்றின, அவற்றை அப்புறம் கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டும், ரோமில் ஏது காற்றாலை. மேற்கு என் வலதுகைப் பக்கம். முப்பது குதிரை நிற்பது கிழக்கே, இடது சிறகில். அங்கிருந்து வாசனை காற்றை எதிர்த்துக்கொண்டு இங்கே எப்படி வரும்? சரி, இந்தப் பத்தின் வாசனையாகத்தான் இருக்கும். குதிரையைப் பற்றி எனக்கு என்ன தெரியும். சுகந்தி வீட்டுக்கு வாங்கும் மீனே ஒன்றா இரண்டா என்று மூக்கால் சொல்லத் தெரியாதவன். குளம்புச் சத்தம் கேட்கிறது, மண் காய்ந்து கிடப்பதால் பாதம் வரைக்கும் வருகிறது, தட் தட்டென்று நிற்காமல். பத்துக் குதிரை என்றால் நாற்பது கால். நாற்பது கால் பொறுமையில்லாமல் மண்ணைத் தட்டினால் இப்படித்தான் கேட்கும். முப்பது என்றால் நூற்றிருபது கால். என்ன கணக்கு இது, பேசாமல் நில்லு. தயாரிப்பாளர் என்ன பார்ப்பார் என்று யோசி. ஏழு வயதில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மரமாக நின்றேன், கிளையை ஆட்டாமல் நின்றதற்கு ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். நிற்பது எனக்கு வரும். நிற்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பின்னால் யாரோ இருமுகிறார்கள். இருமிவிட்டு, சும்மா நில்லு பேட்டா, சும்மா நில்லு என்று ஒரு குரல்.

தஸ்தகீர் பாய். அந்தக் குரலை எங்கே கேட்டாலும் தெரியும், பீடியும் இருமலும் குதிரைக்கு மட்டும் வைத்திருக்கிற கொஞ்சலும். குதிரை மாஸ்டர். அவர் முப்பது குதிரையோடு இருக்க வேண்டியவர். பத்துக் குதிரையைத் தம்பி மகன் பார்த்துக்கொள்வான், பெரிய கூட்டத்தோடு நான் நிற்கிறேன் சார், அதுங்க என் குரலுக்குத்தான் நிக்கும் என்று நேற்று அவரேதான் சொன்னார். அப்படியென்றால் ஏன் இங்கே இருமுகிறார்? பார்த்துவிட்டுப் போக வந்திருக்கலாம். மாஸ்டர் இரண்டு பக்கமும் பார்ப்பார்தானே. ஆனால் ஷாட் ரெடியாகி நாற்பது நிமிடமாகிறது, எவனும் இடத்தை விட்டு நகர மாட்டான், பாய் சினிமாவுக்கு வந்து முப்பது வருடம், அவரா நகர்வார். நேற்றுச் சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் அவருக்கு ஜெராக்ஸ் கொடுத்தேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை ஒரு தாளில் நானே வரைந்து, கட்டம் கட்டமாக, குதிரைக்கு மட்டும் புள்ளிகள் வைத்து. அவர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கேமரா போடலையே சார் என்றார். அதான் தெரிஞ்சதாச்சே பாய் என்றேன். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. தயாரிப்பாளர் ஆபீஸ், நாளைக்கு சார் வரார், உங்க ஷாட் எத்தனை மணிக்கு. உங்க ஷாட் என்றார்கள். நான் எழுந்து கொஞ்ச தூரம் நடந்து பேசினேன், தேவையில்லாமல் சத்தமாகப் பேசினேன். திரும்பிப் பார்த்தபோது பாய் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்துத் தாளின் அடியில் முக்கோணமாக ஏதோ வரைந்துகொண்டிருந்தார். பார்த்தேன். பார்த்துக்கொண்டே, சரிங்க சார், மூணரை மணிக்குங்க சார் என்று போனில் சொன்னேன்.

தாளின் அடியில். ஐயோ. சினிமாவில் எவன் வரைந்தாலும் கேமராவைத் தாளின் அடியில்தான் போடுவான், பார்க்கிறவன் கீழே, நடிக்கிறவன் மேலே. நானும் இருபத்திரண்டு வருடமாக அப்படித்தான் வரைகிறேன். ஆனால் புத்தகத்துப் படத்தில் படை மேல்நோக்கிப் பார்க்கிறது, எதிரி தாளின் தலைமாட்டில் நிற்கிறான், எங்கள் கேமரா எதிரி இருக்கிற இடத்தில் இருக்கிறது. ஆட்களை நான் நிறுத்தியபோது அவர்களோடு நின்று, அவர்களோடு முன்னால் பார்த்து, தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிறுத்தினேன், சரியாக நின்றார்கள். பாய் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அதே தாளைப் பார்த்திருப்பார். தாளின் இடப்பக்கத்தில் முப்பது புள்ளி, அவர் இடது கையை நீட்டினால் எதிரே எங்கள் வலது சிறகு. கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நான் அவரிடம் வேறு சொன்னேன், கூட்டம் தானா வழி விடும் பாய், மூணாவது முரசு விழுந்ததும் கண்ணை மூடிட்டு விடுங்க. விடுவார். சொன்னால் சொன்னதைச் செய்கிற மனிதர். புகைக்குள்ளிருந்து முப்பது குதிரை முழு வேகத்தில் வரும்போது நாங்கள் இருநூறு பேர் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கேடயத்தைச் சேர்த்துப் பூட்டி, ஒரு சந்துகூட இல்லாமல், மண்டி போட்டுக்கொண்டிருப்போம்.

இல்லை, இது என் பயம். நான் பயந்தாங்கொள்ளி, எல்லா ஷாட்டுக்கும் முன்னால் எனக்கு இப்படித்தான் ஏதாவது தோன்றும். ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் கண்ணாடி இல்லை, புகை வேறு, திரும்பினால் எனக்கு வெள்ளையாக ஏதோ தெரியும், அவ்வளவுதான். குருவையா, என்றேன், லேசாத் திரும்பிப் பின்னால எத்தனை குதிரை நிக்குதுன்னு பாருங்க. அவர் அசையவில்லை. குருவையா, உங்களைத்தான். என்ன சார் சோதிக்கீகளா, நீங்கதான சொன்னீக, செத்தாலும் திரும்பக்கூடாதுன்னு, நாங்க அப்படியெல்லாம் திரும்பற ஆளுக இல்ல சார். பரவால்ல, நான் சொல்றேன், திரும்புங்க. காலையிலகூட ஒருத்தன் திரும்பச் சொல்லி ஏமாத்துனான் சார், நாங்க அசையலையே, வேணும்னா எங்க பயலுகளக் கேட்டுப் பாருங்க. பெருமையாகச் சொல்கிறார். அடுத்த கேள்வியை வாக்கிடாக்கியில் கேட்கலாம். பாய், எந்தப் பக்கம் நிக்கிறீங்க? ஒரே வரி. ஆனால் எல்லோர் காதிலும் விழும், மானிட்டர் கூடாரத்தில் அதை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள், தயாரிப்பாளர் காதில் விழும். படை நிறுத்துகிறவனுக்குத் தன் குதிரை எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியவில்லை. மூன்று மடங்குக் குதிரையை மாற்றி நிறுத்தியவனுக்கா படம் கொடுப்பார்? பாய்க்குத் தனியாகச் சொல்லி அனுப்பலாமா, யாரை அனுப்புவது, எல்லோரும் சிலையாக நிற்கிறார்கள். முரசை நிறுத்தச் சொல்லலாமா, முரசும் கூடாரத்துக்குப் பக்கத்தில். மேகம் எப்படியும் போகாது, வெளிச்சம் இல்லையென்று பேக்கப் ஆகிவிடும், நாளைக்குக் காலையில் யாருக்கும் தெரியாமல் மாற்றி நிறுத்திவிடலாம். மேகமே, போகாதே. ஒரு வாரமாக வெயில் வேண்டும் வெயில் வேண்டும் என்று வேண்டியவன் நான்தான், வெட்கமில்லாமல் இப்போது மாற்றி வேண்டுகிறேன். இப்படி நிற்கிறேன், ஐந்து நிமிடமாவது இருக்கும். இருநூறு பேருடைய முதுகு ஒரு பக்கம், என் படம் ஒரு பக்கம், நடுவில் நான் வாயைத் திறக்காமல். இந்த ஐந்து நிமிடத்தை யாரும் பார்க்கவில்லை என்பதால் அது இல்லாமல் போகாது. இருந்தது. என் தோளின் பாதிக் கனத்தைப் பக்கத்தில் நிற்கிறவர் தாங்கிக்கொண்டிருந்த அதே ஐந்து நிமிடம்.

சென்னைக்கு வந்த முதல் வருடம் ஞாபகம் வருகிறது, ஏன் இப்போது, தெரியவில்லை. கோடம்பாக்கத்தில் ஒரு அறையில் ஆறு பேர். காமாலை வந்து கிடந்தேன். கூட இருந்த ஐந்து பேரும் சான்ஸ் தேடி அலைகிறவர்கள், ஒரு நாள் ஆபீஸ் வாசலில் நிற்கவில்லை என்றால் அந்த இடம் அடுத்தவனுக்கு. அவர்கள் முறை போட்டுக்கொண்டு என்னோடு இருந்தார்கள். இன்றைக்கு நான், நாளைக்கு நீ. அதில் ஒருவனுக்கு, ஜெயசீலனுக்கு, அவன் இருந்த நாளில்தான் வாய்ப்பு வந்துபோனது. எனக்கு அவன் அதைச் சொல்லவே இல்லை, ஆறு மாதம் கழித்து வேறொருவன் சொன்னான். ஜெயசீலன் பிறகு ஊருக்குப் போய் உரக்கடை வைத்துவிட்டான். நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து, எப்படிச் சொல்வது என்று தெரியாமலே விட்டுவிட்டேன். எத்தனை பேரை இப்படி விட்டிருக்கிறேன். என் வாழ்க்கையில் நடுப்படை என்று ஒன்று கிடையாது, சுற்றி நின்றவர்கள்தான் எல்லாம். முன்னால் கண்மாயின் அந்தக் கோடியில் மண் நிறம் மாறுகிறது. எனக்கே தெரிகிறது, கண்ணாடி இல்லாமலே. மஞ்சளாக ஒரு பட்டை, கரையிலிருந்து இறங்கி எங்களை நோக்கி வருகிறது, ஆள் நடக்கிற வேகத்தில். வெளிச்சம். காதில் இளஞ்சேரன், வருது வருது, எல்லாரும் ரெடி, புகை போடுங்க. பின்னால் புகை மிஷின் உறுமுகிறது. முரசுக்காரனைக் கை தூக்கச் சொல்லுகிறான். அண்ணா, உங்க பக்கம் ரெடியா என்கிறான், அவ்வளவு சந்தோஷமான குரலில்.

ரெடி இல்லை, என்றேன். போர்வைக்குள் கையை விட்டுப் பட்டனை அழுத்தி, விட்டுவிடுவேனோ என்று பயந்து விடாமலே அழுத்திப் பிடித்து, சத்தமாக. இளஞ்சேரா, முரசு வேண்டாம். முரசு அடிக்காதே. குதிரை மாறி நிக்குது. முப்பதும் எங்களுக்குப் பின்னால நிக்குது, நாங்க வழி விட மாட்டோம், மண்டி போடுவோம். பாய் மேல தப்பில்ல, தாளைத் தப்பா வரைஞ்சது நான். தப்பு என்னுது. தஸ்தகீர் பாய், கடிவாளத்தைப் பிடிங்க, யாரும் ஏறி உட்காரக்கூடாது. பட்டனை விட்டேன். காதுக்குள் இரைச்சல் மட்டும். பிறகு எனக்குப் பின்னாலிருந்து, காதில் இல்லை, நேரடியாகக் காற்றில், யா அல்லா என்று ஒரு குரல், அப்புறம் இறங்குங்கடா, இறங்குங்கடா, இறங்குங்கடா. முப்பது ஜோடிக் கால்கள் மண்ணில் குதிக்கிற சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, நான் எண்ணவில்லை, எண்ண வேண்டியதில்லை. அப்போதுதான் வெயில் எங்கள் மேல் வந்தது. எல்லோர் தலைக்கவசமும் ஒரே நேரத்தில் பளிச்சென்றது, எவ்வளவு அழகான வெளிச்சம், மூன்று வாரத்தில் இப்படி ஒன்று கிடைத்ததில்லை. மேகத்துக்குக் கை கூப்பத் தோன்றியது. கோழைக்கும் ஐந்து நிமிடம் கொடுத்து நின்றதே.

மாத்த எத்தனை நிமிஷம் ஆகும்ணா, என்றான் இளஞ்சேரன். கோபமில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபத்தஞ்சு, என்றேன். இப்பவே நாலே கால், குதிரையைப் பார்க்க வந்த மாட்டு டாக்டர் நாலரைக்கு மேல அதுங்க ஓடக்கூடாதுன்னுட்டாருண்ணா. தெரியும், என்றேன். சரி, குதிரை நாளைக்கு. இந்த வெளிச்சத்துல படை நடந்து வர்றதை மட்டும் எடுத்துக்கறேன், ரெடி பண்ணுங்க. பிறகு குரலைத் தணித்து, தணித்தாலும் எல்லோருக்கும் கேட்கத்தானே செய்யும், முதலாளி கிளம்பறாருண்ணா, அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லச் சொன்னார். அப்புறம் பேசிக்கலாம். எங்கள் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதற்கு அகராதி வேண்டாம். தூரத்தில் கஞ்சித்தண்ணீருக்குள் வெள்ளையாக ஒரு கார் நகர்ந்தது. வலித்ததா? வலித்தது. அழுகைகூட வந்தது, தலைக்கவசத்துக்குள் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்கடியில் இன்னொன்றும் இருந்தது, இருநூறு பேர் மூச்சு விடுகிற சத்தம், இடமும் வலமும், ஒரு ஆள் குறையாமல். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கொடுத்துவைத்திருக்கிறேனே என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

இத்தனை நடந்தும் ஒரு தலை திரும்பவில்லை. சரிப்பா, இப்பத் திரும்பலாம், என்றேன். திரும்பினார்கள். நானும் திரும்பினேன். புகை கலைந்துகொண்டிருந்தது, இருபது அடிக்குள்ளேயே நின்றிருந்ததால் எனக்கும் தெரிந்தது, முப்பது குதிரை மூன்று வரிசையாக, நெஞ்சு நெஞ்சாக, வாயில் நுரையோடு. தஸ்தகீர் பாய் முதல் குதிரையின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அதன் பிடரியில் முகத்தை வைத்திருந்தார். குருவையா பார்த்துக்கொண்டே இருந்தார். அங்க நம்ம ஆளுகள்ல கடைசி வரிசையில, குதிரைக்கிட்ட நிக்கான் பாருங்க சார், எம் மக புருசன், என்றார். கல்யாணமாகி நாலு மாசம். நாந்தான் வாடான்னு கூட்டியாந்தேன். அவர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. குருவையா, கையை விடுங்க, இது என்னாலதான் வந்தது, தாளைத் தப்பாப் போட்டது நான், தெரிஞ்ச பிறகும் அஞ்சு நிமிஷம் சொல்லாம நின்னேன், என் படம் போயிரும்னு. இதை யாரிடமும் சொல்லத் தேவையில்லை, அவரிடம் சொன்னேன். அவர் கையை விடவில்லை. என் முகத்தையே பார்த்தார், நான் சொன்னது முழுவதும் விளங்கியது என்று அந்தப் பார்வையில் தெரிந்தது, கொஞ்சம் கோபமும் இருந்தது, இருக்கட்டும், நியாயம்தான். சொல்லிட்டீகள்ல, என்றார் கடைசியில். கேமரா பக்கமிருந்து விசில் கேட்டது, வரிசைக்கு வரச் சொல்லி. எல்லோரும் முன்னால் திரும்பி அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் ஓரமாகவே நின்றேன், இனி அந்த வரிசையில் எனக்கு என்ன வேலை என்று. குருவையா பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தார், அவர் தனக்கு அடுத்தவரை இடித்தார், வரிசை ஒரு ஆள் அகலத்துக்கு நகர்ந்துகொடுத்தது. வாங்க சார், வெயில் போயிரப் போவுது, என்றார் குருவையா, முன்னால் பார்த்தபடி. நான் போய் நின்றேன்.